டேப்லெட்டில் 'நெட்' வரவில்லையா? நாமே பார்க்கலாம், வாருங்கள்!

சமையலறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை. நாம் என்ன செய்கிறோம்? உடனே பிளம்பரைக் கூப்பிட்டுவிடுகிறோமா? இல்லையே! குளியலறைக் குழாயைத் திறந்து பார்க்கிறோம். அங்கே தண்ணீர் கொட்டினால், கோளாறு சமையலறைக் குழாயில்தான் என்று தெரிந்துபோகிறது. அங்கேயும் வரவில்லையா? மாடித் தொட்டியைப் பார்க்கிறோம். மோட்டார் போட்டும் தொட்டி நிரம்பவில்லையென்றால், பக்கத்து வீட்டு அம்மாளிடம், "உங்க வீட்டிலே தண்ணி வருதா?" என்று விசாரிக்கிறோம். ஐந்தே நிமிஷத்தில் அடைப்பு எங்கே என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இத்தனை சாமர்த்தியம் உள்ள நாம், டேப்லெட்டில் 'நெட்' வரவில்லையென்றால் மட்டும் ஏன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறோம்? "சாயங்காலம் அவர் வந்து பார்க்கட்டும்", "பையன் காலேஜிலிருந்து வரட்டும்" என்று மூடி வைத்துவிடுகிறோம். அதற்குள் குழந்தையின் வகுப்பு போச்சு. கரண்ட் பில் கட்ட நினைத்தது போச்சு. ஊரிலிருக்கும் அம்மா முகத்தைப் பார்த்துப் பேசலாமென்று நினைத்ததும் போச்சு!

(ஆரோக்கியக் குறிப்புகள் வருகிற பத்திரிகையில் 'டேப்லெட்' என்றதும் மாத்திரை என்று நினைத்துவிடாதீர்கள், சகோதரிகளே! சிலேட்டுப் பலகை மாதிரி இருக்கிறதே, அந்தத் தொடுதிரைக் கருவியைத்தான் சொல்கிறேன்.)

பள்ளிப் படிப்போடு நின்றவள் நான். எனக்கே இது பிடிபட்டதென்றால், உங்களுக்குப் பிடிபடாமல் போகுமா?

மூன்று இடங்கள்தான்

நம் வீட்டு 'நெட்'டும் குழாய்த் தண்ணீர் மாதிரிதான். கம்பெனியிலிருந்து கம்பி வழியாக நம் வீட்டுக்கு வருகிறது. அது கார்ப்பரேஷன் குழாய். வீட்டுக்குள் 'ரவுட்டர்' என்ற சின்னப் பெட்டியில் வந்து சேர்கிறது. அது மாடித் தொட்டி. அந்தப் பெட்டியிலிருந்து கம்பி இல்லாமல், ரேடியோ அலையாகக் காற்றில் வந்து டேப்லெட்டில் சேர்கிறது. டேப்லெட்தான் குழாய்.

ஆக, கோளாறு வந்தால் மூன்றில் ஓர் இடத்தில்தான் இருக்கும். டேப்லெட்டிலா, பெட்டியிலா, வெளியேயிருந்து வரும் லைனிலா? இதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இதைக் கண்டுபிடிக்காமல் கண்ட பட்டனையெல்லாம் அழுத்துவதால்தான் சின்னக் கோளாறு பெரிதாகிவிடுகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். பல டேப்லெட்டுகளில் சிம் போடவே இடம் கிடையாது. அவற்றுக்கு வைஃபைதான் உயிர். செல்போன் மாதிரி, வைஃபை போனால் சிம் கார்டு காப்பாற்றும் என்று இருக்க முடியாது.

முதலில் பக்கத்துக் குழாயைத் திறவுங்கள்

டேப்லெட்டில் வரவில்லையென்றால், அதே வைஃபையில் உங்கள் செல்போனில் வருகிறதா என்று பாருங்கள். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. போனில் 'மொபைல் டேட்டா'வை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். அணைக்காவிட்டால், வைஃபை செத்துக் கிடந்தாலும் போன் சத்தம் போடாமல் சிம் கார்டு வழியாக 'நெட்'டை எடுத்துக்கொள்ளும். "போனிலே நல்லா வருதே, அப்போ டேப்லெட்தான் கெட்டுப்போச்சு" என்று நாம் ஏமாந்துபோவோம்.

போனில் வருகிறது, டேப்லெட்டில் மட்டும் வரவில்லை: கோளாறு டேப்லெட்டில்.

இரண்டிலும் வரவில்லை: பெட்டியில், அல்லது வெளி லைனில்.

அவ்வளவுதான்! பார்த்தீர்களா, எத்தனை சுலபம்!

டேப்லெட் தானே சொல்லும் சங்கதி

திரையின் மேல் ஓரத்தில் விரித்த விசிறி மாதிரி ஒரு சின்னக் குறி இருக்கும். அதுதான் வைஃபையின் அடையாளம். டாக்டர் நாடி பார்ப்பதுபோல் அதைப் பார்த்தால் போதும்.

விசிறியே இல்லையா? வைஃபை அணைந்திருக்கிறது, அல்லது 'ஏரோப்ளேன் மோட்' போட்டிருக்கிறது. திரையின் மேலிருந்து விரலால் கீழே இழுத்தால் இந்தப் பட்டன்கள் வரும். ஐ-பேடில் வலப்பக்க மேல் மூலையிலிருந்து இழுக்க வேண்டும். விமானப் படம் ஒளிர்ந்துகொண்டிருந்தால் அதைத் தொட்டு அணையுங்கள். விசிறிப் படத்தைத் தொட்டு ஏற்றுங்கள். வீட்டில் தவழும் குழந்தையோ, விளையாடும் வாண்டுகளோ இருந்தால், முக்கால்வாசி நேரம் வியாதி இதுதான்! எங்கள் குடியிருப்பில் ஓர் அம்மாளின் டேப்லெட்டை ஒரு கடையில் வாங்கிப் பார்த்து, அந்த விமானப் படத்தை அணைத்துக் கொடுத்ததற்கு 300 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு கிலோ நல்ல நெய்க்கத்தரிக்காய் வாங்கி எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாலும் மிச்சமிருக்கும் காசு!

விசிறி இருக்கிறது, ஆனால் பக்கத்தில் ஆச்சரியக்குறியோ, 'இன்டர்நெட் இல்லை' என்ற வாசகமோ இருக்கிறதா? டேப்லெட்டும் பெட்டியும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. தொட்டியில்தான் தண்ணீர் இல்லை. டேப்லெட்டை விட்டுவிட்டுப் பெட்டியைப் பாருங்கள்.

நம் வீட்டு வைஃபையின் பெயரே பட்டியலில் காணோமா? பெட்டி அணைந்திருக்கலாம். அல்லது நீங்கள் பெட்டியிலிருந்து மிகவும் தள்ளி இருக்கலாம். பெட்டி இருக்கும் அறைக்கே டேப்லெட்டை எடுத்துப் போய்ப் பாருங்கள்.

'பாஸ்வேர்டு தப்பு' என்கிறதா? பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் முக்கியம். பூஜ்யத்துக்கும் 'ஓ' எழுத்துக்கும் குழப்பம் வரும். கடைசியில் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்திருந்தாலும் ஏற்காது. பாஸ்வேர்டு அடிக்கும் கட்டத்தின் பக்கத்திலிருக்கும் கண் படத்தைத் தொட்டால் அடித்த எழுத்துகள் தெரியும். அப்படி அடித்தால் தப்பு வராது.

டேப்லெட்டுக்குக் கைவைத்தியம்

கோளாறு டேப்லெட்டில்தான் என்று தெரிந்தபின், இதே வரிசையில் செய்யுங்கள். ஒன்றில் சரியானால் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

1. வைஃபையை அணைத்து, பத்து எண்ணி, மறுபடி ஏற்றுங்கள்.

2. டேப்லெட்டை முழுக்க அணைத்துத் திரும்பப் போடுங்கள். திரையை இருட்டாக்குவது அணைப்பதாகாது. பட்டனை அழுத்திப் பிடித்து 'பவர் ஆஃப்' கொடுக்க வேண்டும். (சில டேப்லெட்டுகளில் பவர் பட்டனோடு சத்தப் பட்டன் ஒன்றையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.)

3. தேதியும் மணியும் சரியாக இருக்கிறதா? பாட்டரி அடியோடு தீர்ந்து, நாள் கணக்கில் அலமாரியில் கிடந்த டேப்லெட்டில் தேதி பின்னுக்குப் போய்விடுவதுண்டு. தேதி தப்பாயிருந்தால், விசிறி முழுசாக இருந்தாலும் பாங்க், பள்ளிக்கூடம் போன்ற பக்கங்கள் பாதுகாப்புக் காரணம் சொல்லித் திறக்க மறுக்கும். செட்டிங்ஸில் தேதி, நேரம் தானாக அமையும்படி வைத்துவிடுங்கள்.

4. பழைய உறவை வெட்டிப் புது உறவு! செட்டிங்ஸில் வைஃபைக்குப் போய், உங்கள் வீட்டுப் பெயருக்குப் பக்கத்திலிருக்கும் பல்சக்கரப் படத்தைத் தொடுங்கள். ஐ-பேடில் வட்டத்துக்குள் 'ஐ' எழுத்து. அங்கே 'ஃபர்கெட்' என்றிருக்கும். அதைத் தொட்டால் டேப்லெட் அந்த வைஃபையை மறந்துவிடும். பிறகு புதிதாகச் சேர்வதுபோல் பாஸ்வேர்டு போட்டுச் சேருங்கள். யாராவது பாஸ்வேர்டை மாற்றியிருந்து, டேப்லெட் பழையதையே பிடித்துக்கொண்டு தொங்கினால் இதில் சரியாகிவிடும். பாஸ்வேர்டு கையில் இல்லாமல் மட்டும் 'ஃபர்கெட்'டைத் தொடாதீர்கள்!

5. எதற்கும் மசியவில்லையா? கடைசி மருந்து 'நெட்வொர்க் ரீசெட்'. செட்டிங்ஸில் 'ரீசெட்' பகுதியில் இருக்கும். இதனால் போட்டோ, வீடியோ எதுவும் அழியாது. ஆனால் சேமித்து வைத்த வைஃபை பாஸ்வேர்டுகள் எல்லாம் போய்விடும். அதே பட்டியலில் 'எல்லாவற்றையும் அழி' என்று இன்னொன்றும் இருக்கும். அதன் பக்கமே போகக்கூடாது. நிதானமாகப் படித்துத் தொடுங்கள்.

பெட்டிக்கு என்ன உடம்பு?

ரவுட்டரில் வரிசையாகச் சின்ன விளக்குகள் எரியும். 'நெட்' நன்றாக இருக்கும் ஒரு நாளில் எந்தெந்த விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது என்று ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமாக இருக்கும்போது பார்த்திருந்தால்தானே நோய் வந்தால் தெரியும்?

ஃபைபர் லைன் வந்த வீடுகளில் 'எல்.ஓ.எஸ்.' என்று ஒரு விளக்கு உண்டு. அது சிவப்பாக எரிந்தாலோ, மின்னினாலோ வெளியிலிருந்து வெளிச்சமே வரவில்லை என்று அர்த்தம். ஏனென்றால், ஃபைபர் என்பது தலைமுடிபோல் மெல்லிய கண்ணாடி இழை. அதற்குள் மின்சாரம் ஓடுவதில்லை, ஒளிதான் ஓடுகிறது. தெருவில் பள்ளம் தோண்டியிருப்பார்கள். அணிலோ எலியோ கடித்திருக்கும். அல்லது நாம் டி.வி. ஸ்டாண்டை நகர்த்திப் பெருக்கும்போது இழை மடங்கியிருக்கும். அந்த வயரை வளையல் மாதிரி வட்டமாக விடலாம். புடவையை மடிப்பதுபோல் மடிக்கக்கூடாது. வயர் கழன்று கிடந்தால் அதன் நுனியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே கூடாது. அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைக் கெடுக்கும். குழந்தைகள் கைக்கும் எட்டாமல் வையுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் நம்மால் ஆவது ஒன்றுமில்லை. கம்பெனிக்குப் போன் செய்து, "எல்.ஓ.எஸ். சிவப்பா எரியுது" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியத்திலேயே அவர்களுக்கு விஷயம் புரிந்துவிடும்.

சிவப்பு இல்லை, ஆனாலும் வரவில்லையென்றால், பெட்டியின் ஸ்விட்சை அணையுங்கள். அரை நிமிஷம் சும்மா விடுங்கள். மறுபடி போட்டுவிட்டு, ஒரு காபி கலந்து குடித்துவிட்டு வாருங்கள். அது தயாராக ஐந்து நிமிஷம்வரை ஆகும். ராப்பகலாக ஓடும் சின்னக் கம்ப்யூட்டர்தானே அதுவும்? தூங்கி எழுந்தால் பாதிக் கோளாறு தானே தெளிந்துவிடும்.

பெட்டியின் பின்பக்கம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துவாரம் இருக்கும். அதற்குள் ஹேர்பின்னை விட்டுக் குத்தினால் கம்பெனிக்காரர் போட்டுக் கொடுத்த எல்லா ஏற்பாடும் அழிந்துவிடும். பிறகு ஆள் வந்து திரும்பப் போட்டால்தான் உண்டு. அணைத்துப் போடுவது வேறு, அந்தத் துவாரத்தைக் குத்துவது வேறு. இது நினைவிருக்கட்டும்.

அவசரம் என்றால் முதலில் ஹாட்ஸ்பாட்

என் மாமியாருக்குச் சர்க்கரை. காலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. வாரம் ஒரு தடவை டேப்லெட்டில் டாக்டர் அந்தப் புண்ணைப் பார்ப்பார். போன மாதம் சரியாக அந்த நேரத்தில் வைஃபை போய்விட்டது. வீட்டில் நாங்கள் இருவர்தான். "விடும்மா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார் மாமியார். எனக்கு மனசு கேட்கவில்லை. புண்ணைச் சுற்றி முதல் நாள்தான் கறுத்திருந்தது. என் செல்போனில் 'ஹாட்ஸ்பாட்'டைப் போட்டேன். அதாவது, போனே ஒரு குட்டி ரவுட்டராகிவிடும். டேப்லெட்டின் வைஃபைப் பட்டியலில் என் போனின் பெயர் வந்தது. பாஸ்வேர்டு போட்டதும் 'நெட்' வந்துவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, "இன்னிக்கே அழைச்சிட்டு வாங்க" என்றார். போனோம். புண்ணைச் சுத்தம் செய்து மருந்து மாற்றினார்கள். இப்போது புண் ஆறி வருகிறது. ஒரு வாரம் தள்ளிப் போட்டிருந்தால்...?

ஆகவே, அவசர வேலை என்றால் முதலில் ஹாட்ஸ்பாட்டில் வேலையை முடியுங்கள். ஆற அமரக் கோளாறைத் தேடலாம். உங்கள் போனில் ஹாட்ஸ்பாட் எங்கே இருக்கிறது, அதன் பாஸ்வேர்டு என்ன என்று இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ பார்த்தால் போனின் டேட்டா மளமளவென்று தீர்ந்துபோகும். வேலை முடிந்ததும் அணைக்க மறக்காதீர்கள்.

பெட்டியை எங்கே வைப்பது?

'ஹாலில் வருது, படுக்கையறையில் வரலை' என்பது பல வீடுகளில் தினசரிப் புலம்பல். வைஃபை அலைக்குக் கான்கிரீட் சுவரும் இரும்பும் ஜென்ம விரோதிகள். ஸ்டீல் பீரோ, ஃபிரிட்ஜ், ஆளுயரக் கண்ணாடி, மீன் தொட்டி எல்லாமே அலையைத் தடுக்கும். டி.வி.க்குப் பின்னால் ஒளித்து வைக்காமல், வீட்டின் நடுவாக, தோள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வையுங்கள். அழகுக்காக எம்ப்ராய்டரி உறை போட்டு மூடாதீர்கள். சூடு வெளியேற வழியில்லாமல் பெட்டி திணறும்.

மைக்ரோவேவ் அடுப்பும் வைஃபையும் பங்காளிகள். இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையில் வேலை செய்கின்றன. அடுப்பிலிருந்து கசியும் துளி அலை நம் உடம்பைப் பாதிக்கும் அளவு இல்லை. ஆனால் பக்கத்திலிருக்கும் வைஃபையின் காதை அடைக்க அது போதும். இரண்டையும் தள்ளித் தள்ளி வையுங்கள்.

சில வீடுகளில் வைஃபை இரண்டு பெயரில் தெரியும். ஒன்றின் கடைசியில் '5ஜி' என்றிருக்கும். இது செல்போன் 5ஜி அல்ல. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறிக்கும். இதில் வேகம் அதிகம்; ஆனால் சுவரைத் தாண்டத் தெம்பு குறைவு. 2.4 மெதுவானாலும் தூரம் போகும். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் 5. உள்ளறைக்குப் போனால் 2.4. சில பழைய, மலிவு டேப்லெட்டுகளுக்கு 5 கண்ணுக்கே தெரியாது. அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

குழந்தைக்கு ஆபத்தா?

இளம் தாய்மார்கள் கேட்கும் கேள்வி இது. வைஃபையின் அலை மிகவும் பலவீனமானது. அதனால் உடம்புக்குக் கெடுதல் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2006-லேயே சொல்லியிருக்கிறது. கவலைப்பட வேண்டியது அலையைப் பற்றி அல்ல, திரையைப் பற்றி! இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் திரைமுன் உட்கார வைக்கக்கூடாது. 2 முதல் 4 வயதுவரை நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று அதே நிறுவனம் 2019-ல் சொன்னது. 'நெட்' போன நேரத்தைக் கதை சொல்லும் நேரமாக்கிவிடுங்களேன்!

வெளியே போனால்...

ரயில் நிலையம், ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் இலவச வைஃபை கிடைக்கிறது. அங்கே விசிறி தெரிந்தும் ஒன்றும் திறக்கவில்லையென்றால், அவர்களுடைய பக்கத்தில் செல்போன் நம்பர் கொடுத்து, வருகிற ஓ.டி.பி.யைப் போட்டால்தான் கதவு திறக்கும். சிம் இல்லாத டேப்லெட்டுக்குப் பக்கத்தில் போனும் வேண்டும். அங்கே சமையல் குறிப்பு பாருங்கள், செய்தி படியுங்கள். பாங்க் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

வீட்டிலும் பாஸ்வேர்டு இல்லாமல் வைஃபையைத் திறந்து போடாதீர்கள். வாசற்கதவைத் திறந்து போட்டுத் தூங்குவோமா? பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டையே வைத்திருக்காமல் வேறு மாற்றச் சொல்லுங்கள்.

"உங்க இன்டர்நெட் கம்பெனியிலிருந்து பேசறோம் மேடம், நெட்டைச் சரி பண்ண ஒரு ஆப் போடுங்க" என்று யாராவது போன் செய்தால், போனை வைத்துவிடுங்கள். நம் டேப்லெட்டைத் தூரத்திலிருந்தே அவர்கள் கையாள்வதற்கான தந்திரம் அது. ஏமாந்து பணம் போய்விட்டால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

கணக்கு நோட்டில் ஒரு பக்கம்

பால் கணக்கு, காஸ் கணக்கு எழுதும் நோட்டில் 'நெட்'டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கஸ்டமர் நம்பர், புகார் செய்யும் போன் நம்பர், பெட்டியில் எந்த விளக்கு எப்படி எரிய வேண்டும் என்ற விவரம், எந்தத் தேதியில் எத்தனை மணி நேரம் 'நெட்' வரவில்லை என்ற குறிப்பு இவையெல்லாம் அதில் இருக்கட்டும். பாஸ்வேர்டை மட்டும் தனிச்சீட்டில் எழுதிப் பீரோவில் வையுங்கள். அடிக்கடி தகராறு செய்தால், "மேடம், எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே" என்று கம்பெனிக்காரர் மழுப்ப முடியாது. தேதி, மணியோடு படித்துக் காட்டலாம்.

அப்படியே உங்கள் மகளுக்கும், மகனுக்கும், வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கும் இந்தச் சோதனைகளைச் சொல்லிக் கொடுங்கள். நாம் ஊருக்குப் போயிருக்கும் நாளிலும் வீட்டில் 'நெட்' ஓட வேண்டுமல்லவா?